நினைவு நாள் இல்லாத சட்டம்: 1957 உம் யாழ்ப்பாணமும்

ஐக்கிய அமெரிக்காவின் குடியியல் உரிமைச் சட்டத்தில் சனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட நாள் 1964 யூலை 2. உணவகம், விடுதி, திரையரங்கு ஆகிய பொது இடங்களில் நிறத்தின் பெயரால் ஒருவரைத் தடுப்பதை அச்சட்டம் சட்டவிரோதமாக்கியது. அதன் ஐம்பதாம், அறுபதாம் ஆண்டு நிறைவுகள் அந்நாட்டில் பெரிய அளவில் நினைவுகூரப்பட்டன. இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளும் அவற்றைப் பற்றி எழுதின. அந்த அமெரிக்கச் சட்டத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கைப் பாராளுமன்றம், சாதியின் பெயரால் ஒருவரைக் கடையிலும் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் இயற்றியிருந்தது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் என்பது அதன் பெயர். அச்சட்டம் வேறெந்த மாவட்டத்தையும் விட யாழ்ப்பாணத்துக்கே அதிகம் தேவைப்பட்டது. ஆயினும் யாழ்ப்பாணத்தின் நாட்காட்டியில் அதற்கு இடமில்லை. அது நிறைவேறிய ஆண்டைக் கூட நம்மில் பெரும்பாலோர் அறியமாட்டார்கள்.

அந்தச் சட்டம் நினைவுகூரப்பட வேண்டியது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால், அதை இயற்றிய பாராளுமன்றத்தை மட்டும் வாழ்த்திவிட்டு நகர்வதற்கு அதன் வரலாறு இடம் தராது. நிறைவேறிய பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அது குடாநாட்டில் பெயரளவிலேயே இருந்தது. யாருக்காக இயற்றப்பட்டதோ அந்த மக்களே அடி வாங்கியும் உயிர் கொடுத்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

சட்டம் எதை எதிர்கொண்டது என்பதை விளங்கிக்கொள்ளக் கிணற்றிலிருந்து தொடங்குவது பொருத்தம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது; குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்றை நம்பியே. கிணறு வெட்டக் காணி வேண்டும். கற்பாறையை உடைக்கப் பணம் வேண்டும். பிறர் காணியில் குடிசை போட்டு வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களிடம் இரண்டும் இருக்கவில்லை. ஆகவே பானையோடும் குடத்தோடும் அவர்களின் பெண்கள் உயர்சாதியினரின் கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி நின்றார்கள். துலாவையோ வாளியையோ கயிற்றையோ தொட அவர்களுக்கு அனுமதி இல்லை. உரிமையுள்ள ஒருவர் வந்து அள்ளி, உயரத்திலிருந்து குடத்துக்குள் வார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அவருக்கு நேரமில்லையென்றால் அன்று உலையேற்றுவதும் பிந்தும். தீண்டாமையைச் சடங்குத் தூய்மை பற்றிய நம்பிக்கையாக மட்டும் விளக்குவோர் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீரைக் கட்டுப்படுத்தியவரால் அந்தக் குடும்பத்தின் உழைப்பையும் கட்டுப்படுத்த முடிந்தது.

தேநீர்க் கடையும் அவ்வாறே. வாங்கில் அமர்ந்து கிளாசில் தேநீர் அருந்துவது ஒரு பகுதியினருக்கு. ஏனையோர் வெளியே நின்றோ நிலத்தில் குந்தியோ, தமக்கெனப் புறம்பாக வைக்கப்பட்ட தகரப் பேணியிலோ போத்தலிலோ சிரட்டையிலோ வாங்கிக் குடிக்க வேண்டும். காசு ஒன்றுதான், கொடுக்கும் காசை வாங்கும் கையிலும் தயக்கம் இருந்ததில்லை. உடையிலும் இதே ஒழுங்கு நிலவியது: பெண்கள் மேற்சட்டை அணிவதும், ஆண்கள் தோளில் சால்வை போடுவதும், செருப்போடு தெருவில் நடப்பதும் பல ஊர்களில் அடி வாங்குவதற்குப் போதுமான காரணங்களாயின. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட ஐந்து சமூகங்களும் அன்றாடம் வாழ்ந்த வாழ்வு இதுதான்.

இந்த ஒழுங்கு ஊர் வழக்கமாக மட்டும் இருந்ததன்று. அதற்குச் சட்டத்தின் ஆதரவும் இருந்திருக்கிறது. ஒல்லாந்தர் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் இடம்பெற்றன. பிரித்தானியர் 1844 இல் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தனர். விடுபட்டவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. எனவே அவர்கள் முன்னைய எசமானர்களின் காணிகளிலேயே குடியிருந்து அதே தொழில்களைச் செய்தார்கள். சட்டம் ஒன்றை மாற்றிவிட்டு அதன் கீழுள்ள நில உறவை விட்டுவைத்தால் என்ன நிகழும் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் முதற் பாடம் அது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தப் பாடம் மறுபடி படிக்கப்பட்டது.

1920களில் காற்று மாறத் தொடங்கியது. 1924 இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசாக உருவாகிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அமைப்பு, ஹன்டி பேரின்பநாயகம் முதலானோரின் முன்னெடுப்பில், தீண்டாமை ஒழிப்பைத் தன் கொள்கைகளில் ஒன்றாக அறிவித்தது. 1927 நவம்பரில் அவ்வமைப்பின் அழைப்பில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அக்காலத்தில் எழுந்த இரண்டு கோரிக்கைகள் சம ஆசனமும் (சமமாக அமர்தல்) சமபோசனமும் (ஒன்றாக அமர்ந்து உண்ணல்). அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர வேண்டும் என்ற கல்வித் திணைக்களத்தின் பணிப்பு 1930 ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தபோது, அதை ஏற்ற சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. ஒரு பிள்ளை தரையிலிருந்து எழுந்து வாங்கில் அமர்ந்ததற்காகக் கொட்டில் எரிந்தது. 1931 இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியது. அதைப் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரும் தலைவர்களே எதிர்த்திருந்தார்கள். வாக்குரிமை கிடைத்த பின்னர் ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கென அமைப்புகளை வலுப்படுத்தினார்கள். 1940களில் இயங்கத் தொடங்கிய அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை, புதிய யாப்பைப் பற்றி ஆராய்ந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன்னும் தன் குறைகளை எடுத்துரைத்தது. பின்னர் தேநீர்க் கடைப் பிரவேசத்தையும் ஆலயப் பிரவேசத்தையும் கோரியது. 1950களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாண நகரின் சில பெரிய கோயில்களின் கதவுகள் திறந்தன. கிராமங்களில் பெரும்பாலும் ஒன்றும் மாறவில்லை.

இந்தப் பின்னணியிலேயே 1957 இன் சட்டம் வந்தது. அதை நிறைவேற்றியது எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம். முந்திய ஆண்டில் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றித் தமிழரின் மொழியுரிமையைப் பறித்ததும் அதே அரசாங்கமே. சட்டம் நிறைவேறிய ஆண்டின் யூலையில் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தானது. மறு ஆண்டில் அது கிழித்தெறியப்பட்டு இனக்கலவரம் மூண்டது. தமிழ் மக்களின் கூட்டு நினைவில் 1956 இலிருந்து 1958 வரையான காலம் மொழி, உடன்படிக்கை, கலவரம் ஆகிய மூன்றாலும் நிரம்பியிருப்பது இயல்பே. அந்த நெரிசலில் சாதிக்கெதிரான ஒரு சட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லை. இதைவிடக் கசப்பான காரணம் ஒன்றும் உண்டு. தமிழர் அனைவரையும் ஒடுக்கிய அரசு, தமிழருள் ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஓர் உரிமையை எழுதிக் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள நம் அரசியலுக்கு மொழி இருக்கவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறுப்பதாகிவிடும் என்று அஞ்சினார்கள். இரண்டும் உண்மை, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும் என்றே நான் கருதுகிறேன்.

சட்டத்தின் வாசகம் சுருக்கமானது. சாதியைக் காரணமாகக் கொண்டு ஒருவர் மீது சமூகக் குறைபாட்டைச் சுமத்துவது குற்றம் என்கிறது. பிறகு எவையெல்லாம் சமூகக் குறைபாடு என்பதை விவரிக்கிறது. பாடசாலையில் மாணவராகச் சேர்வதைத் தடுப்பது, கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் நுழைவதைத் தடுப்பது, பொதுமக்கள் நீரெடுக்கும் கிணற்றில் நீரெடுக்கத் தடுப்பது, பொது வாகனத்தில் பயணஞ்செய்யத் தடுப்பது, உடையோ பாதணியோ ஆபரணமோ அணிவதைத் தடுப்பது, தம் மதத்தவர்கள் வழிபடும் ஆலயத்துள் சென்று வழிபடத் தடுப்பது ஆகிய யாவும் அதில் அடங்கும். தலைப்பாகையையும் செருப்பையும் நகையையும் ஒரு நாட்டின் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்பதை வாசிக்கையில், அதை எழுதியவர்களுக்குக் கிராமத்து நடைமுறை நன்கு தெரிந்திருந்தது என்பது புலனாகும். அரசின் செயலை மட்டுமன்றித் தனியாளின் செயலையும் அது குற்றமாக்கியது. கடைக்காரர், கோயில் நிருவாகி, தெருவில் வழிமறிப்பவர் ஆகிய எவரையும் நீதவான் முன் நிறுத்தலாம். இதுவே அதன் தனிச்சிறப்பு.

அப்படியிருந்தும் அது ஏன் உறங்கியது? தண்டனை இலேசானது என்பது ஒரு பகுதி விடை மட்டுமே. முறைப்பாடு செய்ய வேண்டியவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். அவர் குடியிருப்பது குற்றஞ்சாட்டப்படுபவரின் காணியில். வேலை செய்வது அவரது புகையிலைத் தோட்டத்தில். சீவுவது அவரது பனையில். பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் திரும்பும்போது குடிசையின் கூரை இருக்குமா என்பது அவருக்கு நிச்சயமில்லை. முறைப்பாட்டை எழுத வேண்டிய உத்தியோகத்தரும், சாட்சி சொல்ல வேண்டிய அயலவரும், வழக்காட வேண்டிய சட்டத்தரணியும் பெரும்பாலும் எதிர்த்தரப்பின் உறவு வட்டத்தைச் சேர்ந்தவர்கள். போதாததற்கு, தடுத்ததற்குக் காரணம் சாதிதான் என்பதை நிறுவ வேண்டும். கடைக்காரர் பால் முடிந்துவிட்டது என்பார்; கோயில்காரர் நடை சாத்தும் நேரம் என்பார். ஒரு கிராமமே சேர்ந்து காக்கும் வழக்கத்தைத் தனியொருவரின் வழக்கால் உடைக்க முடியவில்லை.

கூட்டாக இறங்கிய பின்னரே அது அசைந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி, சீன சார்புக் கொம்யூனிஸ்ட் கட்சியின் வட பிரதேசத் தோழர்கள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர் நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். அக்கட்சியின் வடபகுதித் தலைவர்களுள் ஒருவரான கே. ஏ. சுப்பிரமணியம் முன்னணியில் நின்றார். பொலிஸார் சுன்னாகத்தில் வழிமறித்துக் குண்டாந்தடியால் தாக்கினார்கள். இருந்தும் ஊர்வலத்தினர் நகரை அடைந்தார்கள், முற்றவெளியில் கூட்டம் நடந்தது, கட்சியின் தலைவர் நா. சண்முகதாசன் உரையாற்றினார். “சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும்” என்ற அந்நாளின் முழக்கம் இன்னும் வடபுலத்தின் இடதுசாரி மேடைகளில் ஒலிக்கிறது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. எஸ். ரி. என். நாகரட்ணமும் எழுத்தாளர் கே. டானியலும் அதன் முன்னணிச் செயற்பாட்டாளர்களில் இருவர்.

சங்கானையில், நிச்சாமத்தில், கரவெட்டியில், கொடிகாமத்தில், மட்டுவிலில் எனப் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. தேநீர்க் கடைக்குள் ஒரு குழுவாகச் சென்று வாங்கில் அமர்ந்து கிளாசில் தேநீர் கேட்பது இன்று நமக்கு ஒரு செயலாகவே தோன்றாது. அன்று அதற்குப் பதிலாகக் கத்தியும் துப்பாக்கியும் வந்தன, குடிசைகள் எரிந்தன, சங்கானைப் பகுதியில் உயிர்கள் பறிபோயின. போராடியவர்களும் சும்மா இருக்கவில்லை. தற்காப்புக்கு ஆயுதம் எடுத்தார்கள். அமைதி வழியில் மட்டும் நடந்த இயக்கமாக இதைச் சித்திரிப்பது பிழையாகும். சட்டம் அவர்களின் பக்கம் இருந்தது. சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் எப்போதும் அவர்களின் பக்கம் இருக்கவில்லை.

இந்த வரலாற்றின் உச்சம் 1968 இன் மாவிட்டபுரம். அங்குள்ள கந்தசுவாமி கோயிலின் மகோற்சவம் ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு நிறைவுறுவது. வலிகாமம் முழுவதும் அறிந்த திருவிழா. அவ்வாண்டு யூலையில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமையைக் கோரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தேங்காயும் கற்பூரமும் கையில் ஏந்தி வந்தவர்களின் முன்னே ஆட்கள் அணிவகுத்து நின்று வழியை மறித்தார்கள். தடுப்புக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியராக இருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதன்முதலில் குரல் கொடுத்தோருள் ஒருவர். தன் இனத்துக்குச் சமத்துவம் கேட்ட அதே மனிதர் தன் இனத்துள் சமத்துவம் கேட்டவர்களை வாசலில் மறித்தார். அவர் மீது 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு படிப்படியாக மேலேறி, அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. பதினொரு ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு சட்டம், ஒரு கிராமத்துக் கோயில் வாசலின் வழியாகப் பேரரசின் பழைய நீதிபீடத்தை எட்டியது.

தமிழரசுக் கட்சி கொள்கையளவில் தீண்டாமைக்கு எதிரானது. ஆனால் மாவிட்டபுரம் அடங்கிய காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினர் அக்கட்சியின் தலைவர் செல்வநாயகமே, அவர் கிறிஸ்தவர். தடுத்தவர்களின் வாக்கும் வேண்டும், தடுக்கப்பட்டவர்களின் வாக்கும் வேண்டும் என்ற நிலையில் ஒரு தேசியக் கட்சி எவ்வளவு தூரம் துணியும்? இனத்தின் ஒற்றுமை குலையக் கூடாது என்ற வாதம் அப்போது அடிக்கடி முன்வைக்கப்பட்டது. அந்த ஒற்றுமைக்கான விலையை எப்போதும் ஒரே தரப்பினர்தாம் செலுத்தினார்கள். இதைச் சொல்வது தமிழர் உரிமைப் போராட்டத்தைச் சிறுமைப்படுத்துவதாகாது. அப்போராட்டத்தை நேசிப்பவர்களே இதை முதலில் சொல்ல வேண்டும்.

1970 இல் சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் தலைவர் எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். 1971 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. அதற்குள் பெரும்பாலான தேநீர்க் கடைகளும் பல கோயில்களும் திறந்துவிட்டிருந்தன. 1978 ஆம் ஆண்டு யாப்பின் 12 ஆம் உறுப்புரை, சாதி அடிப்படையில் பாரபட்சம் காட்டலாகாது என்பதோடு, கடை, உணவகம், விடுதி, தன் மதத்தின் பொது வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குச் செல்வதில் எவருக்கும் தடை இருத்தலாகாது என்றும் கூறுகிறது. அப்படியானால் பழைய சட்டம் எதற்கு என்ற கேள்வி எழலாம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாடுவது, 126 ஆம் உறுப்புரையின்படி, ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்துறையின் செயலுக்கு எதிராகவே இயலும். தனியார் கடைக்காரரோ கோயில் நிருவாக சபையோ அதற்குள் நேரடியாக வருவதில்லை. அந்த இடைவெளியில் ஒரு குடிமகன் பற்றிக்கொள்ளக்கூடிய பிடி 1957 ஆம் ஆண்டுச் சட்டமே. அது இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம்.

போர்க்காலத்தைச் சுருக்கமாகக் கடக்கலாம். விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தார்கள். வெளிப்படையான தீண்டாமை பெருமளவு அடங்கியது. அடங்கியது என்பதே சரியான சொல். பொது விவாதமோ வழக்கோ இன்றி, அச்சத்தால் அடங்கியது. இடம்பெயர்வு எல்லாச் சாதியினரையும் ஒரே பதுங்குகுழிக்குள் தள்ளியது. ஆனால் மீள்வதற்கு எல்லோருக்கும் காணி இருக்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் நலன்புரி முகாம்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் பல ஆண்டுகள் நீடித்தன. வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய பின், அங்கே இறுதிவரை எஞ்சியோரில் பெரும்பகுதியினர் காணியற்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்கள். 1844 இல் விடுபட்ட கணக்கு அந்த முகாம்களிலும் தீர்ந்திருக்கவில்லை.

இன்று கோயிலுக்குள் நுழைவதை எவரும் வெளிப்படையாகத் தடுப்பது அரிது. தடை வேறிடத்துக்கு நகர்ந்திருக்கிறது. திருவிழாவில் உபயம் யாருக்கு, சுவாமி காவுவது யார், தேர் வடம் பிடிப்பது யார், நிருவாக சபையில் உறுப்பினராவது யார் என்பனவே இன்றைய கேள்விகள். 2018 இல் தென்மராட்சியின் வரணியில் ஓர் அம்மன் கோயில் தேரை மனிதர்களுக்குப் பதிலாகக் கனரக இயந்திரம் இழுத்துச் சென்ற காட்சி பரவலாகப் பேசப்பட்டது. குறிப்பிட்ட சமூகத்தவர்கள் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆள் பற்றாக்குறையே காரணம் என்ற விளக்கமும் சொல்லப்பட்டது. எது உண்மை என்பதைத் தீர்ப்பதற்குச் சட்டம் ஒரு வழியை வைத்திருக்கிறது: முறைப்பாடு, விசாரணை, சாட்சியம். விவாதம் முகநூலில் நடந்த அளவுக்கு அந்த வழியில் நடக்கவில்லை. உள்ளே சென்று வழிபடும் உரிமையை 1957 இன் வாசகம் தெளிவாகச் சொல்கிறது. உபயத்தையும் நிருவாக சபை உறுப்புரிமையையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. செருப்பையும் தலைப்பாகையையும் குறிப்பிடத் துணிந்த சட்டத்துக்கு இவற்றைச் சேர்க்கும் ஒரு திருத்தம் பொருந்தாததன்று. காணியில்லாமையையும் குடிமனைகளுக்கு நடுவே மயானங்கள் அமைந்திருப்பதையும் பற்றிப் புத்தூர் கலைமதி கிராம மக்கள் 2017 இல் எழுப்பிய வகையான கேள்விகளோ, எந்தத் தண்டனைச் சட்டத்தாலும் தீர்க்கக்கூடியவை அல்ல. அவை உள்ளூராட்சி மன்றங்களின் முன்னும் காணி அமைச்சின் முன்னும் வைக்கப்பட வேண்டியவை.

ஆகவே இச்சட்டத்துக்கு ஒரு நினைவு நாள் குறிப்பதானால், மாலையும் உரையும் மட்டும் போதா. சட்டத்தின் தமிழ் வாசகம் பிரதேச சபைகளிலும் பொலிஸ் நிலையங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படலாம். பாடசாலை மாணவர்களின் குடியியல் பாடத்தில் மாவிட்டபுர வழக்கு கற்பிக்கப்படலாம். இவற்றைவிட அவசரமானது வேறொன்று. 1968 இல் இருபது வயதில் கோயில் வாசலில் அமர்ந்திருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். அன்று எதிரே நின்று மறித்தவர்களிலும் சிலர் உயிரோடு இருக்கக்கூடும். இரு தரப்பினரின் வாக்குமூலங்களும், தேநீர்க் கடைப் போராட்டங்கள் தொடர்பான நீதவான் நீதிமன்றப் பதிவேடுகளும், அக்காலத் துண்டுப் பிரசுரங்களும் ஓரிடத்தில் சேகரிக்கப்பட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையும் சட்டத் துறையும் இணைந்து எடுத்துக்கொள்ளத் தக்க வேலை இது. இந்த ஆண்டே தொடங்கினால்தான் கேட்கக்கூடிய குரல்கள் சில மிஞ்சும்.